திருப்பிச் சொல்லாத ஒரே ஆள்

எங்கள் டவரில் வேலை பார்த்தவர்களிடம் இக்னேஷியஸ் சார் பெயரைச் சொல்லிப் பாருங்கள். உடனே அந்த நவம்பர் மாதக் காலையைத்தான் எடுப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்து, மழையிலும் மூட்டத்திலும் விமானங்களைப் பத்திரமாக இறக்கிவிட்ட மனிதருக்கு ஒரே ஒரு காலைதானா அடையாளம்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசுகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு டவரிலேயே இல்லை. நான் இருந்தேன், அவருக்கு இரண்டடி தள்ளி. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சிதம்பரநாதன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை போட்டவர். அண்ணன்மார் இருவரும் கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குத் துணி கிழிக்கிற சத்தமே ஆகாது. பரீட்சை எழுதி, 1967இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலையில் சேர்ந்தேன். "வானத்துல போறவன்கிட்டப் பேசுததுக்குச் சம்பளமாலே?" என்று கேட்டார் அப்பா. அவருக்குக் கடைசி வரை அது விளங்கவில்லை. நான் மேற்கு மாம்பலத்தில் ஒரு போர்ஷன் பிடித்துக்கொண்டு தினமும் தாம்பரம் ரயிலில் வேலைக்குப் போய்வந்தேன்.

வேலைக்குப் போன முதல் நாளே இக்னேஷியஸ் சாரோடு எனக்கு மனத்தாங்கல். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. ஒல்லியான உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை, காலருக்குள்ளே கத்தோலிக்கர்கள் போடுகிற உத்தரியக் கயிறு தெரியும். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சிதம்பரம், கீழ கேன்டீன்ல ரெண்டு டீ சொல்லிட்டு வாங்க. ஒண்ணுல சக்கரை வேணாம்" என்றார். நான் எழுந்தேன். "எங்க, திருப்பிச் சொல்லுங்க."

பட்டம் வாங்கியவனை இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். "ரெண்டு டீ, ஒண்ணுல சக்கரை இல்லாம." அவர் தலையை ஆட்டி, "சரி" என்றார். அந்தச் சரி வந்த பிறகுதான் நான் போகலாம். அதுவரைக்கும் நான் போகக்கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். கீழே இருந்து நாங்கள் ஓர் உத்தரவு சொன்னால், மேலே இருக்கிற பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நாங்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டு, சரி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் அந்த உத்தரவு வெறும் பேச்சு. உலகம் முழுக்க இதுதான் சட்டம். மற்றவர்களுக்கு அந்தச் சட்டம் டவர் படி இறங்கியதும் முடிந்துவிடும். இக்னேஷியஸ் சார் அதை பஸ் ஏற்றி சாந்தோமுக்கும் கூட்டிப் போவார்.

அவர் வீடு ரோசரி சர்ச் ரோட்டுப் பக்கம். நானும் பிறகு அந்த வீட்டுக்கு அடிக்கடி போகிறவனாகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது முத்தம்மா என்ற மீன்காரம்மாளிடம் நிற்பார். "வஞ்சிரம் அரைக் கிலோ, தலை வேணாம், துண்டு மெலிசா" என்பார். பிறகு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். முத்தம்மா சுற்றி இருக்கிறவர்களைப் பார்த்து, "இன்னா நைனா, வாரா வாரம் இதே பேஜாராக் கீது. அரைக் கிலோ வஞ்சிரம், தல வாணாம், துண்டு மெல்சு. போதுமா? சாமியாருகூட என்னை இத்தினி கேள்வி கேக்கலை" என்பாள். இவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் கத்தி மீனைத் தொடும்.

அவர் மனைவி நோரா அக்கா பள்ளிக்கூட டீச்சர். எனக்குத் தெரிந்து அவர்களைப் போலப் பொறுமைசாலி கிடையாது. "கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல சாமியார் சொன்னதையெல்லாம் இவரைத் திருப்பிச் சொல்ல வச்சாங்க தம்பி. அந்தக் கோபத்தைத்தான் இத்தனை வருஷமா ஊர்மேல காட்டிட்டிருக்காரு" என்பார். இக்னேஷியஸ் சார் அதைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நோரா அக்கா அதைத் திரும்பத் திரும்பச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக் கதவுக்கும் அதே சட்டம்தான். யாராவது தட்டினால் உள்ளே இருந்து "யாரு, என்ன விஷயம்?" என்று கேட்பார். வந்தவர் சொல்வதை இவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுப்பார். தபால்காரர் நொந்துபோய் ஜன்னல் வழியாகக் கடிதத்தைப் போட ஆரம்பித்துவிட்டார்.

ஒரே ஒருத்தருக்கு மட்டும் விலக்கு. அவர் வால்டர்.

வால்டர் இவருடைய பால்ய சிநேகிதர். ஆறு வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே நாளில் கோயிலில் முதல் நற்கருணை வாங்கியவர்கள். ஒருவர் வானத்துக்குப் போனார், இன்னொருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். வால்டர் ஒரு தனியார் சரக்குக் கம்பெனியில் பழைய டகோட்டா விமானம் ஓட்டினார். பெங்களூரிலிருந்து பெரும்பாலும் கோழிக்குஞ்சுதான் ஏற்றி வருவார். பிறந்து ஒரு நாளான குஞ்சுகள், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக. டவரில் அவருக்குக் கோழிக்குஞ்சு கேப்டன் என்று பெயர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துத் தெருவில் அக்கா மர்சலினோடு இருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். தரையில் இருக்கும்போது யாரையும் பேசவிட மாட்டார்.

ஆனால் வானத்தில் அவசியத்துக்கு மேல் வாயே திறக்க மாட்டார். விமான ரேடியோவில் பேசுவதற்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பேசாமல் அழுத்திவிட்டால் கேட்கிறவர் காதில் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் விழும். சோம்பேறி பைலட்டுகள் சிலர் இரண்டு தடவை அழுத்தி, 'கேட்டேன், சரி' என்று காட்டுவதுண்டு. இக்னேஷியஸ் சாரிடம் அது நடக்காது. "அது யாரு? வாயத் தொறந்து சொல்லுங்க" என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டுப் பதில் வாங்குவார். வால்டர் மட்டும் தப்பித்தார். இவர் உத்தரவு சொல்வார். டக். கொஞ்சம் இடைவெளி. டக். இவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அவ்வளவுதான், அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

வால்டர் இவர் வீட்டுக் கதவைத் தட்டுவதும் அதே மாதிரிதான். டக். ஒரு மூச்சு விடுகிற நேரம். டக். இக்னேஷியஸ் சார் எதுவும் கேட்காமல் எழுந்து போய்த் திறப்பார்.

நான் ஒருமுறை கேட்டேன். கொஞ்சம் பொறாமையும் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். "சார், டீ வாங்கப் போற நான் திருப்பிச் சொல்லணும். அவர் விமானத்தை இறக்கறார், அவர் சொல்ல வேணாமா?"

அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. "நியாயம்தான் சிதம்பரம். அவன் தட்டினா எனக்கு அவன் பேசின மாதிரியே இருக்கும். ஆனா நீங்க சொல்றது நியாயம். அடுத்த தடவை சொல்லிடறேன்."

சொல்லவில்லை. நானும் பிறகு கேட்கவில்லை. அந்த டக் டக்கைக் கேட்டு அவர் சிரிப்பதைப் பார்ப்பது எனக்கே பழகிவிட்டது, பிடித்தும்விட்டது. ஐந்து வருஷம் இப்படியே ஓடியது.

1972 நவம்பர். புயல் கரையைத் தாண்டிப் போயிருந்தாலும் மழை விடவில்லை. காலை பத்து மணி இருக்கும். டவர் கண்ணாடிக்கு வெளியே ரன்வேயின் கடைசி தெரியவில்லை. அந்தக் காலத்தில் எங்களிடம் ராடார் கிடையாது. விமானம் எங்கே இருக்கிறது என்பது பைலட் வாயால் சொன்னால்தான் தெரியும். மைக்கில் இருந்த இக்னேஷியஸ் சார் பக்கத்தில் நான் உட்கார்ந்து ஒவ்வொரு உத்தரவையும் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

வால்டர் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். மூவாயிரம் அடி வரைக்கும் இறங்கலாம் என்று இவர் சொல்லியிருந்தார். அதற்கு டக், டக் என்று பதிலும் வந்துவிட்டது. அப்போது ரன்வே ஓரத்தில் பெங்களூர் போகிற பயணிகள் விமானம் ஒன்று, "புறப்படலாமா?" என்று கேட்டது. நாற்பது பேர் இருந்தார்கள். அது ஏறப்போகிற வழியில்தான் வால்டர் இறங்கி வருகிறார். அது நாலாயிரம் அடிக்கு ஏற வேண்டும். ஆகவே இன்னும் உயரத்தில் இருக்கிற வால்டரை ஐயாயிரத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டு, இதை அடியில் அனுப்பிவிட வேண்டும். இதெல்லாம் எங்களுக்கு அன்றாட வேலை.

இக்னேஷியஸ் சார் பயணிகள் விமானத்திடம் "பொறுங்கள்" என்றார். மூச்சு விடாமல் அடுத்ததாக வால்டரைக் கூப்பிட்டு, "ஐயாயிரத்தில் நில். கீழே ஒன்று புறப்படுகிறது. நான் சொன்ன பிறகு இறங்கு" என்றார். சொல்லி முடித்து விரலை எடுத்தார்.

டக் டக்.

இவர் தலையை ஆட்டினார். நான் சீட்டில் வால்டர் பெயருக்கு எதிரே ஐயாயிரம் என்று எழுதினேன். பயணிகள் விமானத்துக்கு உத்தரவு கொடுத்தார். அது ரன்வேயில் ஓடி, மழைக்குள் நுழைந்து மறைந்தது.

இரண்டு நிமிஷம் கழித்து அந்தப் பைலட்டின் குரல் வந்தது. மேகத்தில் ஒரு சின்ன இடைவெளியாம். எதிரே, கொஞ்சம் மேலே, ஒரு டகோட்டாவின் வயிறு தெரிந்ததாம். இடது பக்கம் ஒடித்துத் திருப்பிவிட்டாராம். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். அவர் முடித்ததும் வால்டரின் குரல் வந்தது, ஒன்றும் புரியாத குரல். "மூவாயிரத்துக்கு வந்துவிட்டேன், அடுத்து என்ன?"

நான் சீட்டில் எழுதி வைத்திருந்த ஐயாயிரத்தைப் பார்த்தேன். இக்னேஷியஸ் சார் முகத்தில் ஈயாடவில்லை, ஆனால் குரல் நடுங்கவே இல்லை. இருவரின் உயரத்தையும் கேட்டார். திருப்பிச் சொல்ல வைத்தார். ஒன்றை ஏற்றி அனுப்பினார், இன்னொன்றை இறக்கினார். வால்டரின் சக்கரம் தரையைத் தொட்ட பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "சிதம்பரம், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி ஓரம் போய் நின்றார். அன்றைக்கு அவர் 'திருப்பிச் சொல்லுங்க' என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

நடந்தது என்னவென்று வால்டர் பிறகு சொன்னார். மேகத்துக்குள் விமானம் ஆடியதில் பின்னால் பெட்டிகள் சரிந்துவிட்டன. உதவிப் பைலட் அவற்றைத் தூக்கி வைக்கப் பின்னால் போனார். குஞ்சுகள் குளிரில் செத்துவிடும், வேனை ரன்வே பக்கமே கொண்டுவரச் சொல்லலாம் என்று வால்டர் ரேடியோவை அரை நிமிஷம் கம்பெனி அலைவரிசைக்கு மாற்றினார். அந்த அரை நிமிஷத்தில்தான் இக்னேஷியஸ் சாருடைய உத்தரவு போயிருக்கிறது. அது வால்டர் காதில் விழவே இல்லை.

அப்படியென்றால் அந்த டக் டக் யாருடையது? அதைத்தான் விசாரணையில் கேட்கப்போகிறார்கள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை வால்டர் இக்னேஷியஸ் சார் வீட்டுக்குப் போனார். இதை நோரா அக்கா எனக்குச் சொன்னார். வழக்கம்போல டக், டக் என்று தட்டினார். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை. "யாரு?" என்று கேட்டார். நாற்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவை. வெளியிலிருந்து, "வால்டர்" என்று பதில் வந்தது. இவர் "வால்டர்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார். நோரா அக்கா சமையற்கட்டுக்குள் போய் அழுதாராம். இருவரும் அரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தார்கள். அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

டிசம்பரில் விசாரணை. தலைமை தாங்கியவர் மாணிக்கவாசகம் என்ற அதிகாரி. நல்ல மனிதர், ஆனால் காகிதத்தை மட்டும் நம்புகிறவர். டவரில் பேசுவதெல்லாம் டேப்பில் பதிவாகும். அதைப் போட்டுக் கேட்டால் எல்லாம் தெளிவாக இருந்தது. வால்டருக்கு உத்தரவு போகிறது. டக் டக் என்று பதில் வருகிறது. வால்டர் எப்போதும் இப்படித்தான் பதில் சொல்வார் என்பதற்குப் பழைய டேப்புகள் சாட்சி. ஆகவே வால்டர் உத்தரவைக் கேட்டுக்கொண்டார், சரி என்றும் காட்டினார், ஆனால் மதிக்காமல் இறங்கினார். இப்படி முடிந்தால் வால்டரின் லைசென்ஸ் போய்விடும். ஐம்பது வயதில் விமானம் ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர் என்ன செய்வார்? இன்னொரு வழியும் இருந்தது. அந்தத் தட்டல் வால்டருடையது இல்லையென்றால், யார் தட்டியது என்றே தெரியாமல் நாற்பது பேரைக் கிளப்பி அனுப்பியது இக்னேஷியஸ் சார் என்று ஆகும். அவருடைய மைக் போய்விடும்.

ஆபீஸில் எல்லோரும் அவருக்கு ஒரே புத்திமதிதான் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன், அதை மறைக்கப்போவதில்லை. "சார், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பேசாம இருங்க. டேப்பே பேசிடும்."

"பேசாம இருந்ததாலதானே சிதம்பரம் இவ்வளவும்" என்றார்.

விசாரணை அறையில் முதலில் வால்டரைக் கூப்பிட்டார்கள். மாணிக்கவாசகம் டேப்பைப் போட்டுக் காட்டினார். "இந்தச் சத்தம் உங்களோடதா?"

வால்டர் மேஜையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், இக்னேஷியஸ் சாரை மட்டும் பார்க்கவில்லை. "என்னோடதுதான் சார்" என்றார். "கேட்டேன், தட்டினேன். குஞ்சுங்க ஞாபகத்துல மறந்து எறங்கிட்டேன். டவர் மேல தப்பில்லை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அரை நிமிஷக் கதையை எங்கள் எல்லோரிடமும் சொன்ன அதே ஆள், அதிகாரி முன்னால் மாற்றிப் பேசுகிறார். இக்னேஷியஸுக்குப் படிக்கிற பெண்கள் இரண்டு பேர், தனக்கு யாரும் இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார் மனுஷன். நானும் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தால் சார் தப்பித்துவிடுவார் என்ற நப்பாசைதான்.

இக்னேஷியஸ் சார் எழுந்தார். "சார், இவன் பொய் சொல்றான்."

"உட்காருங்க, உங்களைக் கூப்பிடுவோம்" என்றார் அதிகாரி.

"இல்ல சார், இப்பவே சொல்லிடறேன். அந்தத் தட்டு இவனோடது இல்ல. இவன் தட்டினா நடுவுல ஒரு மூச்சு விடற நேரம் இருக்கும். நாற்பத்துநாலு வருஷமா என் வீட்டுக் கதவைத் தட்டறான், எனக்குத் தெரியும். இது படபடன்னு வேகமாத் தட்டினது. பழைய டேப்பை மறுபடி போட்டுப் பாருங்க."

"டேய், உக்காருடா" என்றார் வால்டர், மெதுவாக. அந்த அறையில் யாரும் யாரையும் டா போட்டுப் பேசியிருக்க மாட்டார்கள்.

பழைய டேப்புகளைப் போட்டார்கள். பத்து டேப். எல்லாவற்றிலும் டக், கொஞ்சம் பொறுத்து டக். அந்த நவம்பர் டேப்பைப் போட்டார்கள். டக் டக், ஒட்டி ஒட்டி. ஒரு முறை எடுத்துச் சொன்ன பிறகு அது யாருக்கும் கேட்காமல் போகாது. மாணிக்கவாசகம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பயணிகள் விமானத்தின் உதவிப் பைலட் ஜவஹர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டு, "நீங்க பொத்தானை அழுத்தினீங்களா?" என்று கேட்டார். அதுவரை யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

"ஆமா சார்" என்றார் ஜவஹர். "எங்களைப் பொறுங்கன்னு சொன்னாங்க. பதில் சொல்றதுக்குள்ள டவர்லேர்ந்து வேற யார்கிட்டயோ பேச ஆரம்பிச்சுட்டாங்க. முடியற வரைக்கும் இருந்துட்டு ரெண்டு தட்டு தட்டினேன். வழக்கமா இந்த டவர்ல அப்படித் தட்டறது உண்டு சார். வால்டர் கேப்டன் தட்டறதை நாங்க எல்லாரும் கேட்டிருக்கோம்."

இக்னேஷியஸ் சாருக்கு அடி விழுந்தது இந்தக் கடைசி வாக்கியத்தில்தான். ரேடியோவில் ஒருவரோடு பேசினால் எல்லோரும்தான் கேட்கிறார்கள். அங்கே ஒரு சிநேகிதனுக்கு மட்டும் தனியாகக் கதவைத் திறந்துவைக்க முடியாது. அவர் அதிகாரியைப் பார்த்து, "இந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுத்தது நான். இவனும் இல்ல, அந்தத் தம்பியும் இல்ல. எழுதிக்குங்க சார்" என்றார். எழுதி முடித்ததும், "எழுதினதைக் கொஞ்சம் திருப்பிப் படிங்க" என்று கேட்டார். மாணிக்கவாசகம் படித்தார். இவர் முழுதும் கேட்டுவிட்டு, "சரி" என்றார்.

சொல்லாமல் அலைவரிசை மாற்றியதற்காக வால்டரை இரண்டு மாதம் ஓட்டக்கூடாது என்றார்கள். இக்னேஷியஸ் சாரை மைக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் ஒரு கவுண்டர். பைலட்டுகள் புறப்படுவதற்கு முன்னால் எந்த வழி, எந்த உயரம் என்று எழுதிக் கொடுக்கிற தாளை வாங்கி மேலே அனுப்புகிற வேலை. அந்த அதிகாரிகள் செய்தது தப்பென்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் இன்றைக்கு வரைக்கும் அவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

அவர் அந்தக் கவுண்டரில் எட்டு வருஷம் இருந்தார், ஓய்வு பெறும் வரைக்கும். ஒரே ஒரு நாளைத் தவிரப் படியேறி டவருக்கு வந்ததில்லை. நான் கூப்பிட்டால், "வேலை இல்லாத இடத்துல எனக்கென்ன சிதம்பரம்" என்பார். வால்டர் அவரிடம் தாள் கொடுக்க வரும்போதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். இவர் கேட்பதற்கு முன்பே வால்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, தாளில் இருப்பதை மேலிருந்து கீழ்வரை உரக்கப் படிப்பார். தேதி, விமானத்தின் எண், எத்தனை பெட்டிக் குஞ்சு, எல்லாம். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். ரேடியோவிலும் அப்படியே ஆகிவிட்டார். நான் மைக்கில் இருக்கும்போது நான் சொன்னதற்கு மேலேயே நாலு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொல்வார். அந்த டக் டக்கை அதற்குப் பிறகு எங்கள் டவரில் யாரும் கேட்கவில்லை. வீட்டுக் கதவிலும் அப்படித்தான். "யாரு?" "வால்டர், பக்கத்துத் தெரு, காபி குடிக்க வந்திருக்கேன்." "வால்டர், பக்கத்துத் தெரு, காபி." பிறகுதான் தாழ்ப்பாள். நோரா அக்கா அதற்குச் சிரிக்கமாட்டார்.

1977 பிப்ரவரியில் வால்டருக்கு ஐம்பத்தைந்து ஆனது. கம்பெனி அவரை ஓய்வில் அனுப்பியது. கடைசியாக ஒரு தடவை பெங்களூரிலிருந்து குஞ்சு ஏற்றி வரவேண்டும். அன்று மாலை மைக்கில் நான் இருந்தேன். நாலு மணிக்குக் கீழே போய் இக்னேஷியஸ் சார் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே கூட்டிவந்தேன். நாலு வருஷத்துக்குப் பிறகு வந்தவர், என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பரங்கிமலைக்கு அந்தப்பக்கம் டகோட்டா தெரிந்தது.

சட்டத்தில் எனக்கும் பிடிவாதம் உண்டு. ஆனாலும் அன்றைக்கு மைக்கை அவர் பக்கம் நகர்த்தினேன். "ஒரே ஒரு வார்த்தை சார். யாருக்குத் தெரியப்போகுது?"

"எல்லாருக்கும் கேக்கும்" என்றார். மைக்கை என் பக்கமே தள்ளிவிட்டார்.

நான் தரையிறங்க உத்தரவு சொன்னேன். வால்டர் முழுசாகத் திருப்பிச் சொன்னார், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். நான் விரலை எடுத்தேன். இன்னும் ஏதோ வரும் என்று இருவரும் காத்திருந்தோம். கடைசி நாளாயிற்றே, அவர் தட்டியிருந்தால் நான் கண்டும் காணாமல் விட்டிருப்பேன். ஹெட்ஃபோனில் வெறும் இரைச்சல்தான். வால்டர் தட்டவில்லை. இக்னேஷியஸ் சார் என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சக்கரம் தரையைத் தொட்டது. குஞ்சுப் பெட்டிகளை இறக்கும் வரைக்கும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு இவர், "நான் கீழ போறேன் சிதம்பரம், கவுண்டர்ல ஆளில்லை" என்றார். அப்போது இரும்புப் படியில் கனத்த காலடிச் சத்தம் கேட்டது. அது நெருங்கி வந்து டவர் கதவுக்கு வெளியே நின்றது.

டக். ஒரு மூச்சு விடுகிற நேரம். டக்.

நான் இக்னேஷியஸ் சாரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய்க் கதவைத் திறந்தார்.